புது கோச் வந்தால் பழைய வீரர்கள் என்ன ஆவார்கள்?

2022 டிசம்பர் முதல் வாரம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் நகர். பல்கலைக்கழக ஃபுட்பால் அணிப் பையன்கள் ஒரு கூட்ட அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த சீசனில் ஆடிய 12 ஆட்டங்களில் 11 தோல்வி. முதல் ஐந்து ஆட்டங்களும் தோற்றவுடனேயே பழைய கோச்சை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. இப்போது முன்னால் வந்து நிற்பவர் டியான் சாண்டர்ஸ். ஆடிய காலத்தில் பெரிய நட்சத்திரம், ஹால் ஆஃப் ஃபேம் வரை போனவர். புதிதாக வருகிற கோச் வழக்கமாகச் சொல்லும் 'எல்லோரும் சேர்ந்து உழைப்போம்' பேச்சை அவர் பேசவில்லை. நான் என் பெட்டிகளோடு வருகிறேன், அவை லூயி வுட்டான் பெட்டிகள் என்றார். எனக்கு வேண்டிய ஆட்களைக் கூடவே கூட்டி வருகிறேன், எல்லாம் உசத்திச் சரக்கு என்று அதற்கு அர்த்தம். போர்ட்டலில், அதாவது வேறு கல்லூரிக்குப் போக நினைப்பவர்களின் பட்டியலில், குதிக்கிறவர்கள் குதிக்கலாம், எத்தனை பேர் குதிக்கிறீர்களோ அத்தனை இடம் காலியாகும் என்றும் சொன்னார். அந்தக் கூட்டத்தைப் படமெடுத்து இணையத்திலும் போட்டார்கள்.

அடுத்த செப்டம்பரில் அதே அணி களமிறங்கியபோது 80க்கும் மேற்பட்டவர்கள் புது முகங்கள். முந்தைய ஆண்டு ஸ்காலர்ஷிப்பில் இருந்தவர்களில் மிஞ்சியவர்கள் ஏறத்தாழ 10 பேர்தான்.

படித்துக்கொண்டிருக்கும் ஒரு பையனை, சரியாக ஆடவில்லை என்பதற்காக ஒரு கோச் இப்படி வெளியே அனுப்ப முடியுமா? ஸ்காலர்ஷிப் விதியைப் பார்த்தால் முடியாது. ஆனால் ஆண்டுதோறும் நடக்கிறது. எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு தெளிவு. இங்கே ஃபுட்பால் என்பது நம் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். கல்லூரி அணி என்றதும் வகுப்பு முடிந்து மாலையில் மைதானத்துக்கு வரும் பையன்களை நினைத்துக்கொண்டால் இந்தக் கதை எதுவும் பிடிபடாது. போல்டரில் உள்ள ஃபோல்சம் ஃபீல்ட் மைதானத்தில் சுமார் 50,000 பேர் உட்காரலாம். 2022ல் சாண்டர்ஸுக்குப் போட்ட ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு 2 கோடியே 95 லட்சம் டாலர். இவ்வளவு கொடுப்பவர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டு மூன்று சீசன் தொடர்ந்து தோற்றால் கோச்சுக்கே சீட்டுக் கிழிந்துவிடும். பழைய வீரர்களைப் பற்றி அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் இந்த அவசரம் இருக்கிறது.

வீரர்களின் பக்கம் வருவோம். பெரிய அணிகளில் ஆடும் பையனுக்கு முழு ஸ்காலர்ஷிப் என்றால் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் கல்லூரியின் செலவு. அதை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவர் பழைய கோச். அவன் பள்ளியில் படிக்கும்போதே வீடு தேடி வந்து, பெற்றோரிடம் பேசி, 'உங்கள் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லி அழைத்துப் போனவர். கையெழுத்து கல்லூரியோடு போட்டதுதான். ஆனால் பையன் நம்பி வந்தது அந்த ஆளை. அந்த ஆள் போய்விட்டால், நாற்காலியில் வந்து உட்காரும் புதியவருக்கு இவன் பட்டியலில் உள்ள ஒரு பெயர் மட்டும்தான்.

இனி கணக்கு. 2025 வரைக்கும் மேல்தட்டு ஃபுட்பால் அணி ஒவ்வொன்றும் அதிகபட்சம் 85 பேருக்குத்தான் ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம் என்று விதி இருந்தது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு போட்ட விதி. புது கோச் வரும்போது அந்த 85ல் பெரும்பகுதி ஏற்கெனவே நிரம்பியிருக்கும். புதிதாக ஒருவரைக் கொண்டுவர வேண்டுமானால் பழையவர் ஒருவர் எழுந்திருக்க வேண்டும். பஸ்ஸில் சீட் பிடிக்கிற கதைதான், ஒரு வித்தியாசம்: டிரைவரே பின்னால் வந்து 'தம்பி, நீ இறங்கினால் நன்றாக இருக்கும்' என்கிறார்.

பிடித்துக் கீழே இறக்கவும் முடியாது. ஒரு காலத்தில் ஸ்காலர்ஷிப் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் சமாசாரமாக இருந்தது. கோச்சுக்குப் பிடிக்கவில்லையென்றால் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். 2015ல் பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்கள், அதாவது பணபலம் மிக்க கல்லூரிகளின் கூட்டமைப்புகள், அதற்கு முடிவு கட்டின. ஆட்டம் சரியில்லை என்ற காரணத்துக்காக ஸ்காலர்ஷிப்பை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது என்று விதி வந்தது. புது தலைமைக் கோச்சுக்கு முதல் ஆண்டில் மட்டும் ஒரு சலுகை உண்டு. பழைய வீரரை அணியிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் அவர் படிப்பைத் தொடர விரும்பினால் ஸ்காலர்ஷிப்பைக் கல்லூரி கொடுத்தே ஆக வேண்டும். 85 வரம்பு இருந்தவரை அவர் அந்தக் கணக்கில் மட்டும் வரமாட்டார். கொலராடோவுக்குக் கைகொடுத்ததும் இந்தச் சலுகைதான்.

அடுத்தது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. வேறு கல்லூரிக்குப் போக நினைக்கும் வீரர்களின் பெயர்கள் ஏறும் ஒரு கணினிப் பட்டியல். 2018 அக்டோபரில் வந்தது. வீரர் எழுதிக் கேட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள் கல்லூரி அவர் பெயரை ஏற்ற வேண்டும். ஏறியவுடன் மற்ற கல்லூரிக் கோச்சுகள் அவரிடம் பேசலாம். அதற்கு முன் கல்லூரி மாறுகிற ஃபுட்பால் வீரர் ஒரு சீசன் முழுக்க ஆடாமல் உட்கார வேண்டியிருந்தது. 2021ல் ஒருமுறை உட்காராமல் மாறலாம் என்று ஆனது. 2024ல் எத்தனை முறையும் மாறலாம் என்று ஆகிவிட்டது.

எல்லோரும் இதை வீரர்களுக்குக் கிடைத்த சுதந்திரம் என்று கொண்டாடினார்கள். சுதந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பொடி எழுத்தில் ஒன்று இருந்தது: வீரர் தானாகவே போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டால், அந்தப் பருவம் முடிந்ததும் அவருடைய ஸ்காலர்ஷிப்பை நிறுத்திக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை உண்டு. கோச்சால் நிறுத்த முடியாததை, வீரர் ஒரு மின்னஞ்சல் அனுப்பித் தானே நிறுத்திக்கொள்ளலாம். அதனால்தான் எந்தக் கோச்சும் 'உன்னை நீக்குகிறேன்' என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவை இல்லை.

அந்தப் பேச்சு எப்படிப் போகும்? மூன்றாமாண்டு படிக்கும் ஒரு லைன்பேக்கர் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வசந்த காலப் பயிற்சி முடிந்த வாரம் (2025 வரை அப்போதும் போர்ட்டல் திறக்கும்). தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் அவனுடைய இடத்துக்கு டெப்த் சார்ட்டில், அதாவது யாருக்குப் பின் யார் ஆடுவார்கள் என்று காட்டும் வரிசையில், நாலாவதாக அவன் பெயர். கோச்சின் அறைக்குக் கூப்பிடுகிறார்கள். பத்து நிமிடம். கோச் கடுமையாக எதுவும் பேசமாட்டார். நீ நன்றாகத்தான் உழைக்கிறாய் என்பார். நேர்மையாகச் சொல்கிறேன், இந்த சீசனில் உனக்கு ஆட வாய்ப்பு கிடைப்பது கஷ்டம் என்பார். வேறு இடத்தில் நீ முதல் ஆளாக ஆடலாம், நானே நாலு பேரிடம் சொல்கிறேன் என்பார். போர்ட்டல் ஜன்னல், அதாவது அதில் பெயர் கொடுக்கக் கிடைக்கும் சில நாட்கள், இந்தத் தேதியோடு மூடுகிறது என்பார்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். பல சமயம் நல்ல யோசனையாகவும் இருக்கும். நாலாவது இடத்தில் காத்திருந்து இரண்டு ஆண்டு வீணாவதைவிடச் சின்னக் கல்லூரிக்குப் போய் சனிக்கிழமைதோறும் ஆடுவது மேல் என்று நினைக்கும் பையன்கள் நிறைய. ஆனால் 20 வயதுப் பையன் அந்த அறையை விட்டு வெளியே வரும்போது, தனக்கு எது உரிமை, எது யோசனை என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் இருப்பானா? 'நான் போகமாட்டேன், இங்கேயே படித்து முடிக்கிறேன்' என்று சொல்ல அவனுக்கு இடம் உண்டு என்பதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். என் பார்வையில் நல்ல கோச்சையும் மோசமான கோச்சையும் பிரிக்கும் இடம் இதுதான்: அந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னாரா?

சரி, யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? திறமைதானே என்று தோன்றும். பாதிதான் சரி. அமெரிக்க ஃபுட்பாலில் ஒவ்வொரு கோச்சுக்கும் ஒரு ஆட்ட முறை உண்டு, ஸ்கீம் என்பார்கள். ஒரு முறைக்குத் தங்கமாக இருப்பவன் இன்னொரு முறைக்குப் பொருந்தவே மாட்டான். ஜார்ஜியா டெக் அணி இதற்கு நல்ல உதாரணம். பால் ஜான்சன் அங்கே 2008 முதல் 2018 வரை கோச்சாக இருந்தார். அவருடையது டிரிபிள் ஆப்ஷன் என்ற பழைய முறை: பந்தை வீசுவது குறைவு, ஓடுவதே பிரதானம். பந்தை வாங்கித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் நன்றாக ஓடினால் போதும், துல்லியமாக வீச வேண்டிய கட்டாயம் இல்லை. முன்வரிசையில் மலைபோல் நிற்கிறவர்களைவிடச் சட்டென்று பாய்ந்து காலடியில் தடுக்கிறவர்கள்தான் தேவை. முன்வரிசை ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்கிற டைட் எண்ட் என்ற இடமே அந்த முறையில் கிடையாது.

அவர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த ஜெஃப் காலின்ஸ், எல்லோரும் ஆடுகிற வீச்சு முறைக்கு மாறப்போவதாகச் சொன்னார். வந்து பார்த்தால் டைட் எண்ட் இல்லை, வீசிப் பழகிய குவார்ட்டர்பேக் இல்லை, பின்னால் நகர்ந்து நின்று வீசுபவனைக் காப்பாற்றப் பழகிய முன்வரிசை இல்லை. இட்லிக் கடையை வாங்கிவிட்டு மறுநாளே பரோட்டா போட நினைத்த கதை. மாவாட்டும் கிரைண்டர் இருக்கிறது, தோசைக்கல் இல்லை. 2019ல் 3 வெற்றி, 9 தோல்வி. அந்தப் பையன்கள் திறமை இல்லாதவர்களா? வேறு ஆட்டத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அவ்வளவுதான். அப்போது உட்காராமல் மாறும் விதி வரவில்லை. காலின்ஸ் இருப்பதை வைத்து மெதுவாக மாற்ற வேண்டியிருந்தது. நாலாவது சீசனின் தொடக்கத்திலேயே அவர் வேலை போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற கோச்சுகள் பொறுமைக்கு எவ்வளவு பலன் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

ஸ்கீம் தவிர இன்னும் சில விஷயங்களும் பார்ப்பார்கள். ஒருவருக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆடத் தகுதி பாக்கி இருக்கிறது, மார்க் எப்படி, காயம் ஏதும் உண்டா, ஓய்வறையில் மற்ற பையன்கள் இவன் சொன்னால் கேட்பார்களா. கடைசியில் சொன்னதுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அவ்வளவாக ஆடாத ஒரு நாலாமாண்டு மாணவனைக் கோச் விடாமல் பிடித்துவைத்திருந்தால், காரணம் பெரும்பாலும் அதுவாக இருக்கும்.

எல்லா அதிகாரமும் கோச் கையில் என்று நினைத்துவிடவும் கூடாது. கோச் மாறினால் வீரர்களுக்கென்றே போர்ட்டலில் தனி ஜன்னல் திறக்கும். 2024 ஜனவரி 10 அன்று அலபாமாவின் கோச் நிக் சேபன் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்த கேலன் டிபோர் யாரையும் துரத்தவில்லை. இருப்பவர்களைக் கெஞ்சிப் பிடித்துவைக்கத்தான் பாடுபட்டார். அப்படியும் அணியின் மிகச் சிறந்த சேஃப்டியான, அதாவது தடுப்பில் கடைசியாக நிற்பவரான, கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். அடுத்த சீசனிலேயே அங்கே தேசியச் சாம்பியன்ஷிப்பும் வென்றார். ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பையனை மறுபடியும் ஆரம்பத்திலிருந்து பேசிச் சேர்ப்பதுதான் இன்று புது கோச்சின் முதல் வார வேலை.

கூடைப்பந்தில் கணக்கு இன்னும் சின்னது: அப்போது 13 ஸ்காலர்ஷிப்தான். அதனால் மொத்தமாகக் காலியாவதும் சுலபம். 2024 ஏப்ரலில் ஜான் காலிபாரி கென்டக்கியை விட்டு ஆர்கன்சாஸ் போனார். அங்கே அணியைச் சந்தித்தீர்களா என்று கேட்டதற்கு, சந்தித்தேன், அணியே இல்லை என்றார். அவர் விட்டு வந்த கென்டக்கியில் மார்க் போப் பொறுப்பேற்றபோது அங்கேயும் ஸ்காலர்ஷிப் வீரர் ஒருவரும் மிஞ்சவில்லை. இரண்டு பேரும் புது ஆட்களை வைத்தே அடுத்த மார்ச்சில் கடைசி 16 அணிகளுக்குள் வந்தார்கள்.

ஃபுட்பாலில் அப்படி ஒரே அடியில் ஒரு அணியைக் கட்ட முடியுமா? கொலராடோவுக்கே திரும்புவோம். 2023 ஏப்ரல் 22 அன்று பனி தூவிக்கொண்டிருக்க, வசந்த கால ஆட்டத்தைப் பார்க்க 47,277 பேர் வந்தார்கள். அது வெறும் பயிற்சி ஆட்டம். சொந்த அணிக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடுவது. ஆட்டம் முடிந்த அடுத்த சில நாட்களில் வரிசையாகப் பெயர்கள் போர்ட்டலில் ஏறின. ஏப்ரல் 15 முதல் 30 வரைதான் அந்த ஜன்னல். அந்த மைதானத்தில் தங்கள் கடைசி ஆட்டத்தை ஆடியவர்கள் அன்று மதியம் எத்தனை பேர்! பிட்ஸ்பர்க் கோச் பேட் நார்டூசி வெளிப்படையாகவே கண்டித்தார். சாண்டர்ஸ் அசரவில்லை.

முதல் ஆட்டத்தில் முந்தைய சீசனின் இறுதிப் போட்டி வரை போன டி.சி.யூ. என்ற டெக்சஸ் பல்கலைக்கழக அணியை அவர்கள் மண்ணிலேயே 45-42 என்று வென்றார்கள். சாண்டர்ஸின் மகன், குவார்ட்டர்பேக் ஷெடூர், தன் வீச்சுகளால் மொத்தம் 510 கஜம் சேர்த்தார். தாக்குதல், தடுப்பு இரண்டிலும் டிராவிஸ் ஹன்டர் ஆடினார். நாடே போல்டரைப் பார்த்தது. முதல் மூன்று ஆட்டமும் வெற்றி. பிறகு? 4 வெற்றி, 8 தோல்வி என்று சீசன் முடிந்தது. அந்த சீசனில் ஷெடூரை எதிரணியினர் 52 முறை பந்தோடு வீழ்த்தினார்கள். அவரைக் காக்க வேண்டிய முன்வரிசை ஐந்து பேர், பக்கத்தில் நிற்பவன் அடுத்து என்ன செய்வான் என்று பார்க்காமலே தெரிந்துவைத்திருக்க வேண்டியவர்கள். ஓட்டக்காரனையும் பந்து பிடிப்பவனையும் போர்ட்டலில் எடுத்துவிடலாம். அந்தப் பழக்கத்தை ஒரே கோடையில் எடுக்க முடியாது. 2024ல் நிலைமை மாறியது: 9 வெற்றி, ஹன்டருக்கு ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை. அவரும் ஷெடூரும் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்குப் போன பிறகு, 2025ல் மீண்டும் 3 வெற்றி, 9 தோல்வி. இதைப் பார்த்து 'பார்த்தீர்களா, அன்றே சொன்னோம்' என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 11 ஆட்டம் தோற்ற அணியை அப்படியே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இதுவரை சொன்னது ஸ்காலர்ஷிப் உள்ளவர்களின் கதை. வாக்-ஆன் என்று இன்னொரு கூட்டம் உண்டு: தங்கள் காசிலேயே படித்து, அணியில் சேர ஆசைப்பட்டுத் தினமும் அடி வாங்குகிறவர்கள். ஸ்காலர்ஷிப் பாதுகாப்பு எதுவும் இவர்களுக்குக் கிடையாது. 2025 ஜூன் 6 அன்று கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் ஆண்டில் கல்லூரி ஒன்றுக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை என்று ஆனது. ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போனது. பதிலாக அணியின் மொத்த ஆட்களுக்கே வரம்பு வந்தது: ஃபுட்பாலுக்கு 105, ஆண்கள் கூடைப்பந்துக்கு 15. வாக்-ஆன்களோடு 120 பேருக்கு மேல் வைத்திருந்த அணிகள் பல. தீர்ப்பு வரும் முன்பே பல கல்லூரிகள் பையன்களை வெளியே அனுப்பத் தொடங்கிவிட்டன. அதைக் கண்டு நீதிபதி கிளாடியா வில்கன் ஏப்ரலில் ஒப்புதலை நிறுத்திவைத்தார். பிறகு ஒரு வழி கண்டார்கள்: இந்த வரம்பால் இடம் இழந்தவர்கள் திரும்பி வந்தால் 105 கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் திரும்பச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மறுபடியும் கோச் மனசு வைக்க வேண்டும்.

துரத்தாமலும் அணியைக் கட்ட முடியும் என்பதற்கு இண்டியானாவைக் காட்டுவார்கள். 2023 நவம்பர் கடைசியில் ஜேம்ஸ் மாடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட் சிக்னெட்டி அங்கே போனார். கூடவே பழைய அணியிலிருந்து 13 பேர் போனார்கள். அதே சமயம் இண்டியானாவில் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்ட சிலரைப் பேசி மனம் மாற்றித் தங்கவைத்தார். 3 வெற்றி, 9 தோல்வி என்றிருந்த அணி 2024ல் 11 வெற்றி, 2 தோல்வி என்று ஆனது. அதற்கடுத்த சீசனில் ஒரு ஆட்டமும் தோற்காமல் தேசியச் சாம்பியன்.

அவர் 13 பேரைக் கூட்டிப்போன பிறகு ஜேம்ஸ் மாடிசனில் என்ன ஆனது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பாப் செஸ்னி என்பவர் வந்தார். அவரும் ஓட்டைகளை அடைத்து, 2025ல் அந்தச் சின்னக் கல்லூரியைத் தேசிய பிளே-ஆஃப் வரை கொண்டுபோனார். பிளே-ஆஃப் ஆட்டத்துக்கு முன்பே அவருக்கு யு.சி.எல்.ஏ.வில் வேலை உறுதியாகிவிட்டது. இரண்டே ஆண்டில் அந்தக் கூட்ட அறையில் பையன்கள் மறுபடியும் வரிசையாக உட்கார்ந்தார்கள், முன்னால் இன்னொரு புது கோச்.